மதினி கால் நீட்டி உட்கார்ந்த நாள்

மதினி,

இன்று காலை உங்கள் தம்பி மகள் என் பியூட்டி பார்லர் படியில் இடறி விழுந்தாள். முழங்காலில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். ரத்தம்கூட வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "கட்டுப் போடு, பெரிய கட்டாப் போடு" என்று ஒரே அடம். நாலு வயசுக்கு அதுவும் ஒரு நகைதானே என்று மருந்துக்கடையில் ஒரு பேண்டேஜ் சுருள் வாங்கி உறையைப் பிரித்தேன். குப்பென்று வந்தது அந்த வாசனை. புதுப் பருத்தியும் சலவைக் காரமும் கலந்து, கொஞ்சம் தூசியும் சேர்ந்த வாசனை. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. உள்ளே ஒற்றைப் புருவம் மட்டும் திருத்திய நிலையில் ஓர் அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கிடக்க, நான் படியில் உட்கார்ந்து பேண்டேஜை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நினைத்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்திருந்தால் என் கையிலிருந்து அந்தச் சுருளைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது நம்மூருத் துணி இல்லட்டி. இழையெல்லாம் ஒன்னோட ஒன்னு பேச்சுவார்த்தை இல்லாமக் கெடக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். சொன்ன கையோடு அதையே கட்டியும் விட்டிருப்பீர்கள்.

கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தது நினைவிருக்கிறது. சத்திரப்பட்டித் தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேச வேண்டுமானால் கத்த வேண்டும். நீங்கள் ரகசியம் சொன்னாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்பது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஊரே கட்டுத்துணி நெய்கிறது. பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை. புருஷனுடைய அக்கா என்றால் கொஞ்சம் பயந்துதானே வருவோம்? நீங்களோ என்னை உட்கார வைத்து இலை நிறையப் பரிமாறிவிட்டு, சாப்பிட விடாமல் துணியின் பெருமை பேசினீர்கள். "அடிபட்டு விழுந்தவனுக்கு டாக்டரு பொறவுதான் வருவாரு. மொதல்ல போறது நம்ம துணிட்டி."

அந்தத் துணி உங்களுக்கே தேவைப்படும்படி ஆனதுதான் கொடுமை. நாலு தறிக்கு நடுவில் நின்றபடியே வேலை. முதலில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்ததாம். பிறகு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போனதாம். அப்புறம் ஒரு காலில், கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் ஓர் அரிப்பு. சொறிந்த இடம் புண்ணானது, அதன் பிறகு ஆறவே இல்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வரும்போதே அதற்கு நாலைந்து வயசு. ஆறுவது மாதிரி போக்குக் காட்டும், அடுத்த மாதம் மறுபடி வாயைத் திறக்கும். சர்க்கரை வியாதியோ என்று பார்த்தார்கள், இல்லை. களிம்பு, பொடி, பச்சிலை, மாத்திரை, எதற்கும் அது மசியவில்லை. குளிக்கும்போது பாலிதீன் பையைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வீர்கள். தலை நிறைய எந்நேரமும் மல்லிகை. உங்களுக்குப் பூ என்றால் உயிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். புண்ணின் வாடை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அத்தனை பூ என்று தெரிந்தபோது நான் தனியாகப் போய் அழுதேன்.

புண் வருவதற்கு முன்னால் உங்களுக்கு ஊரில் வேறொரு பெயர் இருந்தது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட உங்களை விட்டால் ஆள் கிடையாது. தறிக்குக் கிளம்பும் முன் யார் வீட்டிலாவது பலகையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றித் துவட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவீர்களாம். உங்கள் காலில் கிடக்கும் பிள்ளை அழாதாம். அழ ஆரம்பித்தாலும் பாதி அழுகையில் தூங்கிப்போகுமாம். புண் வந்த பிறகு நீங்களாகவே அதை விட்டுவிட்டீர்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

எங்களுக்குப் பல வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது. சேதி கேட்டு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினீர்கள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே பார்லருக்குள் நுழைந்தீர்கள். முகத்தில் பேக் போட்டுக் கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்துப் படுத்திருந்த ஒரு வாடிக்கையாளர் பதறி எழ, அவர் முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னம் கன்னமாகக் கிள்ளினீர்கள். பெயரிலிருந்து கல்யாணம் வரைக்கும் எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சட்டென்று அடங்கிப்போனீர்கள். குனிந்து காலைப் பார்த்தீர்கள்.

"குளிப்பாட்ட ஒரு ஆளு பாக்கணும்ட்டி."

"ஆளு எதுக்கு? நீங்கதான் இருக்கீங்களே."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? போடி இவளே."

மதினி, எனக்கு அம்மா இல்லை. பிள்ளை பிறந்தால் யார் தூக்குவார்கள், யார் குளிப்பாட்டுவார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உங்கள் கால்களை நம்பித்தான் இத்தனை வருஷமும் பிள்ளைக்கு ஏங்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "வேற யாரும் என் பிள்ளையத் தொட்டுக் குளிப்பாட்டக் கூடாது. நீங்க குளிப்பாட்டலேன்னா அது அழுக்காவே வளரட்டும்" என்றேன். மசக்கைக்காரியின் கோபம், கேட்கவா வேண்டும்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து ஒரு குரல். முகத்துப் பூச்சு வெடித்துவிடக் கூடாது என்று உதட்டை அசைக்காமலே அந்த அம்மா பேசினார். "ராஜபாளையத்துக்கு மதுரையில இருந்து ரத்தக்குழாய் டாக்டரு வாராரு. எங்க மாமியாருக்கு இதே புண்ணுதான். லேசரு வச்சாக. அவிய இப்ப நாலு மாடவீதியும் சுத்தி வாராக." தெய்வ வாக்கு எந்த வாயிலிருந்து வந்தால் என்ன? ஆனால் நீங்கள் மசியவில்லை. "பாக்காத டாக்டரா? நான் கட்டாத கட்டா?" என்றீர்கள். உங்கள் தம்பிதான் லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியில் உங்களை ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். "ஏலே, என்னையும் லோடுன்னு நெனச்சியா?" என்று வழியெல்லாம் திட்டு.

அந்த டாக்டர் அறை கண்முன்னே நிற்கிறது. நர்ஸ் உங்கள் கட்டைப் பிரிக்கப் பிரிக்க அது வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கிடந்தது. மருந்து நீரை ஊற்றி ஊறவைத்து மெதுவாக எடுத்தார். டாக்டர் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"நானே நெய்ஞ்சு நானே கட்டுனது" என்றீர்கள், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

"சலவைக்குப் போய் வந்த துணியா?"

"சலவைக்குப் போனா துணி தொய்ஞ்சிருமே. தறியில இருந்து எறக்குன சூட்டோட, வெறப்பா இருக்கையிலயே கட்டிருவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தறித்துணியில் பாவு நூல் அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி இருக்கும், அது புண்ணின் ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புதிதாக வந்த தோலையும் பிய்த்துக்கொண்டு வரும் என்று பொறுமையாகச் சொன்னார். ஊருக்கெல்லாம் போகும் துணி வெளுத்து, சுத்தம் செய்து, உறையில் போட்டுப் போகிறது. நெய்தவர் மட்டும் தறியிலிருந்தே கிழித்துக் கட்டிக்கொள்கிறார். உங்கள் ஊர்க்காரர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யவே வழி கிடையாது, மதினி. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. பிரித்துப் போட்ட துணியைத் தொட்டுப் பார்த்து, "அப்பக் கஞ்சிதான் காரணமா?" என்று கேட்டீர்கள். "கஞ்சி ஆறவிடாமப் பண்ணுச்சு. ஆனா காரணம் மேல இருக்கு" என்றார் அவர்.

காலில் பசையைத் தடவி ஒரு கருவியை வைத்தார். புஸ், புஸ் என்று சத்தம் வந்தது. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும், ஏறியது திரும்ப இறங்காமல் இருக்க நரம்புக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன, உங்களுக்கு அது மூடவில்லை, ஏறின ரத்தம் திரும்ப இறங்கிக் கணுக்காலில் தேங்குகிறது, தேங்கின இடத்தில் புண் ஆறாது என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் பளிச்சென்று, "புட்வால்வு போயிருச்சுன்னு சொல்லுங்க. கெணத்து மோட்டார்ல தண்ணி ஏறி ஏறி எறங்குமே, அது மாதிரி" என்றீர்கள். டாக்டர் அசந்து சிரித்துவிட்டார். அந்தப் பழுதான நரம்பை உள்ளிருந்தே லேசர் சூட்டில் மூடிவிட்டால் ரத்தம் நல்ல நரம்பு வழியாகப் போய்க்கொள்ளும், புண் தன்னால் ஆறத் தொடங்கும் என்றார். "தன்னால" என்ற சொல்லைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "எம்புட்டு நாளாகும்? இவளுக்குப் பிள்ள பொறக்கதுக்குள்ள ஆறிருமா?"

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார், உங்கள் புண்ணைப் பார்த்தார். "ரெண்டும் அது அது நேரத்துக்குத்தான் வரும். ஆனா சொன்னபடி கேட்டா வாய்ப்பு இருக்கு" என்றார். சொன்னவர் அத்தோடு விட்டாரா? என் காலையும் பார்த்துவிட்டு, பார்லரில் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் எனக்கும் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்துவிட்டார். "பாத்தியாட்டி, எனக்குத் தொணைக்கு ஆளு கெடச்சிருச்சு" என்று உங்களுக்கு வாயெல்லாம் பல்.

லேசர் என்றதும் திருவிழாக் கச்சேரியில் வானத்தில் சுற்றும் பச்சை வெளிச்சம்தான் உங்கள் மனசில் இருந்தது. அதைப் புண்ணின் மேல் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனீர்கள். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் என்னை உள்ளே விடவில்லை. வெளியே வந்ததும் வராததுமாக நீங்கள் சொன்ன முதல் புகாரே, "புண்ணு கணுக்கால்ல இருக்கு, அவிய முழங்கால்ல குத்துதாக" என்பதுதான். நூல் மாதிரி ஒன்றை நரம்புக்குள் விட்டார்களாம். அதற்கு முன்னால் காலுக்குள் குளுகுளுவென்று தண்ணீர் ஏற்றினார்களாம். வலியே இல்லையாம், ஆனால் வாயில் மட்டும் என்னமோ தீய்ந்த ருசியாம். "அந்த நூலு மட்டும் நம்ம தறியில கெடச்சா..." என்று யோசனை வேறு. கண்ணுக்குப் போட்ட பெரிய கண்ணாடியைக் கழற்றித் தர மறுத்து, நர்ஸிடம் கெஞ்சி, அதோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். அது இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கள் படங்களிலேயே நீங்கள் அழகாக இருப்பது அதில்தான்.

உங்கள் தம்பி வண்டியில் தலையணை எல்லாம் வைத்துப் படுக்கை போட்டுக் காத்திருந்தார். டாக்டரோ உடனே நடக்கச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக நடக்காதே, நிற்காதே என்று எல்லாரும் சொல்லிக் கேட்ட உங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இறுக்கிய கட்டோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விடுவிடுவென்று நடந்தீர்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு உங்கள் தம்பி பின்னாலேயே ஓடினார்.

உங்கள் மகன் பட்டாளத்தில் இருந்ததால், அதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை எங்களோடுதான் இருந்தீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த மாதங்கள் வேறு இல்லை. வாரம் ஒரு நாள் இருவரும் ராஜபாளையத்துக்குப் போவோம், நீங்கள் கட்டு மாற்ற, நான் சும்மா கூட வர. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். யாராவது இரக்கப்பட்டு எழுந்து ஒரு சீட் தருவார்கள். "வயித்துப்பிள்ளக்காரி, நீ உக்காரு" என்பீர்கள். "கால்ல கட்டோட நிக்கீங்க, நீங்க உக்காருங்க" என்பேன். அந்தச் சண்டை முடிவதற்குள் மூன்றாவதாக ஒரு பெண் நைசாக உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவை அப்படி உட்கார்ந்தவளைப் பார்த்து, "ஏட்டி, உனக்கு வயிறா, காலா?" என்று நீங்கள் கேட்க, அவள் "முதுகு" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

நர்ஸ் ஒவ்வொரு வாரமும் புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்து அளவு வரைவார். உங்கள் அளவு வேறு. முதலில் அதிரசம் என்றீர்கள். பிறகு உளுந்தவடை. அப்புறம் தட்டை. "மதினி, வேற எதையாவது சொல்லுங்க, எனக்குப் பசிக்குது" என்று நான் கெஞ்சியபிறகு ஐந்து ரூபாய்க் காசுக்கு மாறினீர்கள். காலையில் எழுந்ததும் என் வயிற்றைப் பார்த்துவிட்டு உங்கள் காலைப் பார்ப்பீர்கள். "நீ பெருக்கப் பெருக்க நான் சிறுக்கணும்ட்டி. எது முந்துதுன்னு பாப்போம்." பந்தயம் கட்டாததுதான் பாக்கி.

இடையில் ஒரு கூத்து நடந்தது. என் வளைகாப்பு. காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் கால் வெறும் கால். கட்டுப்போட்ட காலோடு மங்கல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று நீங்களே ஒரு சட்டம் போட்டு, விடியுமுன் எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டீர்கள். புண்ணின் மேல் ஒரு சின்னத் துணி, அதன்மேல் பட்டுச்சேலை. சாயங்காலம்வரை அடுப்படிக்கும் பந்திக்கும் நடந்துகொண்டும் நின்றுகொண்டும் இருந்தீர்கள். எனக்கு முதல் வளையல் போட்டது நீங்கள்தான். மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, காசளவுக்கு வந்திருந்த புண் பழையபடி வடையாகிவிட்டது. நர்ஸ் பிடித்த பிடியில் ஆஸ்பத்திரியே அடங்கிப்போனது. "கட்டுதான்மா வைத்தியம். லேசர் வழியை அடைச்சுது, கட்டுதான் மிச்ச வேலையப் பாக்குது. அலங்காரத்துக்கா போட்டு விட்டோம்?"

பஸ்ஸில் திரும்பினோம். சீட் கிடைத்தபோது சண்டை போடாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "தோத்துப் போனேன்ட்டி. வேற ஆளு பாத்துக்கோ" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குப் பொல்லாத கோபம். "உங்க தம்பி பிள்ளைதானே? அது எப்படியும் லேட்டாத்தான் வரும். கட்டை ஒழுங்காப் போட்டுக்கிட்டு நடங்க" என்றேன். நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். அதன்பிறகு ஒரு நாள்கூடக் கட்டு இறங்கவில்லை. உட்காரும்போது காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள் என்று பார்லரில் வாடிக்கையாளர் நாற்காலியையே பிடித்துக்கொண்டீர்கள். வந்தவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து தலைமுடி வெட்டிக்கொண்டார்கள்.

பிள்ளை லேட்டாக வரவில்லை, நேரத்துக்கே வந்துவிட்டது. பெண். நீங்கள் தூக்கினீர்கள், கொஞ்சினீர்கள், முத்தம் கொடுத்தீர்கள். "என் மருமவ வந்துட்டா" என்று வார்டு முழுக்க அறிவித்தீர்கள். ஆனால் புண் இன்னும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது நல்லதாகப் போயிற்று. கொடியும் விழுந்தது. தெருக்கோடி வீட்டம்மா சேலையைச் செருகிக்கொண்டு, "எங்க பிள்ளை? நான் குளிப்பாட்டுதேன்" என்று வந்து நின்றார். நீங்களும் "குடுத்துருட்டி" என்று கண்ணைக் காட்டினீர்கள். "கடுகளவு புண்ணும் புண்ணுதான். பச்சப்பிள்ள மேல என் சீழு படணுமா?" நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதற்குச் சளி என்றேன், இன்றைக்கு நாள் நன்றாக இல்லை என்றேன், கடைசியில் எனக்குத் தூக்கம் வருகிறது என்று கதவைச் சாத்தினேன். தெருவில் என்னைத் திமிர்பிடித்தவள் என்றார்கள். துடைத்துத் துடைத்தே ஓட்டினேன்.

அந்த வாரம் நீங்கள் தனியாக ராஜபாளையம் போனீர்கள். முற்பகலில் போன் வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அதையும் மிஞ்சி உங்கள் குரல்.

"ஏட்டி, வெந்நி போடு!"

"என்ன மதினி?"

"மூடிருச்சுட்டி! புண்ணு மூடிருச்சு! தண்ணி படலாமான்னு கேட்டேன், படலாம்னுட்டாக. நீ வெந்நியப் போடு, நான் வாரேன்."

போனைத் தூர வைத்துக்கொண்டுதான் கேட்டேன், அப்படி ஒரு சத்தம். நான் அடுப்பில் பானையை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். உங்கள் தம்பி கொல்லைப்புறத்தைக் கழுவினார். நீங்கள் வந்ததும் நேரே கொல்லைப்புறத்துக்குப் போனீர்கள். பலகையைப் போட்டீர்கள். சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகினீர்கள். இரண்டு காலையும் சேர்த்து நீட்டினீர்கள். புண் இருந்த இடத்தில் பளபளவென்று மெல்லிய தோல். "கொண்டாட்டி என் மருமவள."

எண்ணெய் தேய்த்தீர்கள். அந்த விரல்கள் மறந்திருக்கவில்லை. பிள்ளையைக் குப்புறப் போட்டு, இளஞ்சூட்டில் ஒரு செம்பு முதுகில் ஊற்றினீர்கள். தண்ணீர் பிள்ளையின் முதுகில் வழிந்து, உங்கள் காலில் இறங்கி, கணுக்காலைத் தொட்டுப் போனது. இரண்டாவது செம்பு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன மதினி, சூடா இருக்கா?"

"இல்லட்டி." உங்கள் குரல் ரகசியமாக வந்தது. அன்றைக்குத்தான் அது உண்மையிலேயே ரகசியமாக இருந்தது. "கால்ல தண்ணி படுதுட்டி."

எத்தனை வருஷமாகப் பாலிதீன் பைக்குள் இருந்த கால். நீங்கள் அந்தச் செம்பைப் பிள்ளைக்கு ஊற்றவில்லை, நேரே கணுக்காலில் ஊற்றினீர்கள். ஊற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர்கள். கால் ஆடியது, கால்மேல் பிள்ளையும் ஆடியது. அது அழவில்லை. கையைக் காலை விரித்துக்கொண்டு, சாவகாசமாக உங்கள் புதுத்தோலின் மேலேயே மூத்திரம் பெய்தது. "இந்தா, தீர்த்தம் குடுத்துட்டா!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் தெருக்கோடி வீட்டம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டுக் கோபம் மறந்து சிரித்தார். எனக்குத் தெரிந்து என் ஆயுளில் அதுதான் மகிழ்ச்சி. அதற்குமேல் ஒன்று இருந்தால் இனிமேல்தான் வர வேண்டும்.

அதன்பிறகு சத்திரப்பட்டியில் உங்கள் கால்களுக்கு ஓய்வே இல்லை. கட்டுக்குப் பதிலாக டாக்டர் கொடுத்த காலுறையைக் கழற்றி வைத்துக் குளிப்பாட்டுவதும், துவட்டிக்கொண்டு மறுபடி மாட்டுவதுமாக இருந்தீர்கள். போனில் கூப்பிட்டால், "கால்ல பிள்ள கெடக்கு, பொறவு பேசு" என்று வைத்துவிடுவீர்கள். அந்தப் புண் திரும்ப வரவே இல்லை.

இப்போதெல்லாம் பார்லருக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிறேன். சேலையைத் தழையத் தழையக் கட்டி, தலையில் அளவுக்கு மீறிப் பூ வைத்துக்கொண்டு யாராவது வந்தால் எனக்குப் பொறுக்காது. பால்கோவாக் கடையில் அடுப்படியில் நின்றே வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் அப்படி வந்தாள். கேட்காமலே உட்கார வைத்துச் சேலையை விலக்கிப் பார்த்தேன். திட்டினாள். பிறகு அழுதாள். இப்போது வாரா வாரம் ராஜபாளையம் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருகிறாள். வந்ததும் நேரே என் கடைக்கு வந்து, அளவு சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.

நீங்கள் போனது நெஞ்சுவலியில். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரம் தரவில்லை. எல்லாவற்றிலும் அவசரம்தான் உங்களுக்கு. பட்டாளத்திலிருந்து உங்கள் மகன் வந்து சேரும்வரை தறிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தெருவை ஓசையில்லாமல் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெண்களெல்லாம் சேர்ந்து உங்களைக் குளிப்பாட்டினோம். நான் செம்போடு கால்மாட்டில் நின்றேன். அப்போது ஒருத்தி, "எந்தக் கால்லம்மா அந்தப் புண்ணு இருந்துச்சு?" என்று கேட்டாள். இன்னொருத்தி குனிந்து பார்த்து, இடது என்றாள். "இல்ல, வலது. நான் பாத்திருக்கேன்" என்றாள் மற்றவள். கறுப்பு இரண்டு காலிலும்தானே இருந்தது. தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காக ஊரே கண்ட புண், ஊரே மூக்கைச் சுளித்த புண், எந்தக் காலில் என்று ஊருக்கே தெரியவில்லை. இடது, வலது என்று இழவு வீட்டில் சண்டையே வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது, மதினி. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்படியும் தோள் குலுங்கியது. பாவம், நான் தாங்க முடியாமல் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள்.

பிறகு, நீங்கள் குளிப்பாட்டிய பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, உங்கள் கால்களில் மட்டும் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது. கடையில் ஆள் வராத நாளில், உங்கள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாத நாளில், அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் இன்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. பார்க்கும்போதெல்லாம் என்னைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள், கூடவே இருந்தவள், உனக்குத் தெரியாதா, எந்தக் கால் என்று சொல்லு என்று. நான் வாயைத் திறப்பதே இல்லை, மதினி. யார் கேட்டாலும் சொல்லப் போவதும் இல்லை.